சீதனமாக வந்த கலப்பை

செல்வத்தின் வெல்டிங் கடை வாசலில் எங்கள் கொத்துக்கலப்பை கால்கள் ஆகாயத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. போன வருடம் ஆவணி மாதம். அச்சுவேலிச் சந்தையிலிருந்து வருகிற தெருப் புழுதியும், எரிந்த இரும்பின் மணமும், பக்கத்துக் கடையில் வடை பொரிக்கிற எண்ணெய் மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

கொத்துக்கலப்பை என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உழவு இயந்திரத்தின் பின்னால் மாட்டுகிற இரும்புச் சட்டம் அது. சட்டத்துக்குக் கீழே ஒன்பது கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் மண்ணைக் கிளறுகிற ஒரு கொழு பூட்டியிருக்கும். கொழு தேய்ந்தால் செருப்புக்கு அடித்தோல் மாற்றுவதுபோல மாற்றிவிடலாம். கால் வளைந்தால் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தலாம். சட்டம் வெடித்தால்தான் வில்லங்கம்.

செல்வம் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துச் சட்டத்தை ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டு போனான். நல்ல இரும்பு ‘கிண்’ என்று சொல்லும். எங்கள் சட்டம் இரண்டே இரண்டு இடத்தில் அப்படிச் சொன்னது. மிச்சமெல்லாம் ‘தொக்கு, தொக்கு’ என்றது.

“அக்கா, உது ஒட்டின இடத்திலை ஒட்டி, அதுக்கு மேலையும் ஒட்டிக் கிடக்கு” என்றான் அவன். “இனி ஒட்டுறதுக்கு உதிலை இரும்பு இல்லை. புதுசு ஒண்டு எடுங்கோ.”

ஒட்டித் தா என்றேன். ஒட்டினால் ஒட்டின இடம் நிற்கும், அதற்குப் பக்கத்தில் வெடிக்கும் என்றான். அதையும் சேர்த்து ஒட்டு என்றேன். தபால் கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் இருந்தவளோடு வாதாடி வெல்ல முடியாது என்பது அவனுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு முகமூடியை எடுத்தவன், போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தையை விட்டான்.

“உங்கடை அண்ணையும் போன கிழமை ரவுணிலை புதுக் கலப்பை பாத்துக்கொண்டு நிண்டவர்.”

அண்ணை பட்டணத்துக் கடையில் நின்றதைச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் பொறி பறக்க வேலையைத் தொடங்கிவிட்டான். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று திரும்பி நின்றேன். கண் கூசியதால்தான் தண்ணீர் வந்தது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அண்ணை சொந்தமாக ஒரு கலப்பை வாங்கினால் எனக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல நாற்பது வருடத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும்.

ஆளுக்குப் பாதி

வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன காலத்தில் அப்பா ஓர் உழவு இயந்திரம் வாங்கினார். அதோடு கொத்துக்கலப்பை ஒன்று, வட்டத் தட்டுகள் பூட்டிய சட்டிக்கலப்பை ஒன்று, சாமான் ஏற்றுகிற இழுவைப் பெட்டி ஒன்று. ஊரில் அதைப் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே அம்மா களைத்துப் போனா.

எனக்குக் கலியாணம் பேசி வந்தது வட்டுக்கோட்டையில். மாப்பிள்ளை பகுதியார் வீடு கேட்டார்கள், காணி கேட்டார்கள், கிணற்றில் பங்கு கேட்டார்கள். எல்லாம் வழமைதான். கடைசியில் மாமியார் மெல்லமாக வாசலைப் பார்த்தார். அங்கே உழவு இயந்திரம் நின்றது.

அண்ணை அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. அந்த இயந்திரத்தின் ஆசனத்தில்தான் அவர் மத்தியானம் நித்திரை கொள்வார். எழும்பிப் போய் அதன் முன்சில்லில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நின்ற நிலையைப் பார்த்தே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சம்பந்தம் குழம்பும் போல இருந்தது. அப்போதுதான் அப்பா சொன்னார், இயந்திரம் மகனுக்கு, அதற்குப் பின்னால் பூட்டுகிற சாமான்கள் எல்லாம் மகளுக்கு என்று. ஆளை ஆள் தேடாமல் உழ முடியாதபடி தூரநோக்கோடு செய்தார் என்று பிற்காலத்தில் பலர் புகழ்ந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேச்சு நீண்டு மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பசி பொறுக்காது.

பத்திரம் எழுத வந்த நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகைக்கும் காணிக்கும் கீழே கலப்பைகளை எழுதினார். இப்படி ஒரு சீதன உறுதிப் பத்திரத்தைத் தன் பேனை எழுதியதில்லை என்றார். என் கூட்டாளிகள் வெகுகாலம் என்னைக் ‘கலப்பைக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தானே. நான் பிறந்த வீட்டிலேயே இருந்துகொண்டேன். அண்ணை கலியாணம் முடித்து, இரண்டு மைல் தள்ளி மச்சாளின் சீதன வீட்டுக்கு இயந்திரத்தோடு போனார். கலப்பைகள் என் முற்றத்து வேலியோரம் நின்றன. விதைப்புக் காலம் வந்தால் அவர் வருவார். முதலில் என் செம்மண் தோட்டத்தை உழுவார். பிறகு கலப்பையோடு தன் வயலுக்குப் போவார். உழவு முடியக் கழுவிக் கொண்டுவந்து அதே வேலியோரம் விடுவார்.

கிணற்றுக்குள்

எங்கள் செம்மண்ணைப் பற்றி வெளியூரார் பெரிதாகச் சொல்வார்கள். வளமான மண்தான். ஆனால் ஒரு சாண் கீழே போனால் கல். கொழு கல்லில் முட்டுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அடுப்படியில் நின்றே எந்தப் பக்கம் உழுகிறார் என்று சொல்லிவிடுவேன். இத்தனை வருடத்தில் அந்தக் கல்லில் எத்தனை கொழு தேய்ந்தது, எத்தனை கால் வளைந்தது என்று தெரியாது.

ஆனால் சட்டத்தைக் கெடுத்தது கல் இல்லை. தண்ணீர். சண்டை நெருங்கி ஊரோடு வெளிக்கிட்ட நாளில், இழுவைப் பெட்டியில் இரண்டு வீட்டுச் சனமும் ஏறி இருக்கிறோம். மழை தூறிக்கொண்டிருக்கிறது. அண்ணை மட்டும் கொத்துக்கலப்பையில் கயிறு கட்டி எங்கள் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார். மச்சாள் பெட்டியிலிருந்து குதித்துப் போய்க் கயிற்றின் மற்ற முனையைப் பிடித்தார். அவருடைய உள்ளங்கை உரிந்து போனது. எனக்கு அந்தக் கை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

“கிணத்துக்கை கிடந்தால் துருத்தான் பிடிக்கும். களவு போகாது” என்றார் அண்ணை.

திரும்பி வந்தபோது சட்டிக்கலப்பை போயிருந்தது. இழுவைப் பெட்டி போன வழியிலேயே போய்விட்டது. வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றில் மட்டும் கொத்துக்கலப்பை அப்படியே கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். பாசியும் துருவுமாக அது வெளியே வந்தபோது, ஒரு ஆள் உயிரோடு வந்ததுபோல மச்சாளும் நானும் கட்டிப் பிடித்து அழுதோம். செல்வத்தின் தகப்பன்தான் முதல் ஒட்டை ஒட்டித் தந்தவர்.

இரண்டு மைலுக்கு ஒரு முத்திரை

அப்படிக் கட்டிப் பிடித்து அழுத இரண்டு பேரும் இருபது வருடமாகக் கதைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? பிழை என்னுடையது. அதை நான் எழுதிவருகிற இந்தத் தொடரில் எழுதுவதா விடுவதா என்று வாரக்கணக்காக யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

என் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் ஊரில் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். அட்டை பிறகு. பெண்ணின் மாமிக்கு, அதாவது மச்சாளுக்கு, எல்லாருக்கும் முதல் சொல்லவேண்டும். நான் கந்தோரில் மதிய இடைவேளையில் உறைகளை அடுக்கி வைத்து விலாசம் எழுதினேன். கொழும்புக்கு, கண்டிக்கு, வவுனியாவுக்கு. எழுதி எழுதி, நாக்கால் நனைத்து நனைத்து முத்திரை ஒட்டிக்கொண்டு போனேன். கை பழகிய வேலை. அந்த அடுக்கில் அண்ணை வீட்டு அட்டையும் இருந்தது. அதற்கும் ஒட்டினேன். அதற்கும் என் கையாலேயே திகதி முத்திரை குத்தினேன்.

நேரில் போய்ச் சொல்வதற்கு நாள் பார்த்து வைத்திருந்தேன். அந்த நாளுக்கு முன்னமே தபால்காரன் போய்விட்டான். எங்கள் கந்தோர் தபால் ஒருநாளும் அவ்வளவு கெதியாகப் போனதில்லை.

“ரெண்டு மைலிலை இருக்கிற என்னை முத்திரை ஒட்டிக் கூப்பிடுறாவாம். நான் அவைக்குப் பிறத்தியோ?” என்று மச்சாள் கேட்டதாக வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

கலியாணத்துக்கு மச்சாள் வரவில்லை. அண்ணை தனியே வந்து, தாலி கட்டி முடிய எழும்பிப் போனார். நான் அடுத்த நாளே போய்ப் படலையைத் திறந்திருக்கலாம். போனால் அவ பேசுவா என்ற பயம் பாதி, நான் ஏன் போகவேண்டும் என்ற கொழுப்பு பாதி. ஒரு வருடம் போனது. பிறகு போவதற்கு வெட்கம். இப்படித்தான் இருபது வருடம் போயிற்று. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லாமல் போனது.

கலப்பைக்கு மட்டும் போக்குவரத்து இருந்தது.

வருடத்தில் ஒரு நாள்

கலப்பையைத் திருப்பி விடும்போது அண்ணை நிற்கமாட்டார், உழ வரும்போதுதான் நிற்பார். ஆவணி கடைசியில் ஒரு காலை. மூன்று ஒழுங்கை தள்ளி வரும்போதே இயந்திரச் சத்தம் கேட்கும். நான் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அண்ணை நின்றபடியே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். மழையைப் பற்றிக் கதைப்போம். தண்ணீர் இறைக்கிற மிஷினைப் பற்றிக் கதைப்போம். அவருடைய வீட்டைப் பற்றி நான் கேட்பதில்லை, அவர் சொல்வதில்லை.

போகும்போது ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுவேன். வீட்டில் வறுத்து இடித்தது. மச்சாளுக்கு என் மிளகாய்த்தூள் விருப்பம் என்று எனக்குத் தெரியும். ஆருக்கு என்று நான் சொல்லமாட்டேன். அவரும் கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

அடுத்த வருடம் அந்தப் போத்தல் திரும்பி வரும். கழுவிக் காயவைத்து, மூடியைத் தனியாகத் துடைத்து, கடதாசியில் சுற்றியிருக்கும். அது அண்ணையின் கைவேலை இல்லை. அவர் குடித்த கோப்பையைக்கூட எடுத்து வைக்கத் தெரியாதவர். ஆனால் போத்தல் வெறுமையாக வரும். எங்கள் ஊரில் ஒருவரும் ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கை சீனியாவது, இரண்டு எலுமிச்சங்காயாவது போட்டுத்தான் கொடுப்போம். மச்சாள் சொல்லவேண்டியதை அந்த வெறும் போத்தலில் வருடா வருடம் சொல்லி அனுப்பினார். நானும் வாசித்துக்கொண்டேன்.

இப்போது விளங்கும், அண்ணை சொந்தக் கலப்பை வாங்கினால் எனக்கு என்ன நட்டம் என்று. அவருக்கு வர ஒரு சாட்டு இல்லாமல் போகும். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் இனி எத்தனை ஆவணி இருக்கிறது?

சிவப்புப் பெயின்ற்

செல்வம் ஒட்டி முடித்தான். நான் விடவில்லை. சிவப்புப் பெயின்றும் அடிக்கச் சொன்னேன். ஒட்டுகளெல்லாம் மறையும்படி இரண்டு பூச்சு. வீட்டுக்கு ஏற்றி வந்து வேலியோரம் இறக்கி வைத்தபோது, புதுக் கலப்பையே தோற்றுப்போகும் போல இருந்தது.

என் கணவர், கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற மனுஷன், சாய்மனைக் கதிரையிலிருந்து பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். “நீ திருத்துறது கலப்பையைத்தானோ?” என்று கேட்டார். விடைக்காகக் காத்திருக்காமல் பத்திரிகையை உயர்த்திக்கொண்டார்.

நாள் போனது. ஆவணி முடிந்து புரட்டாதி பிறந்தது. அண்ணை வரவில்லை. அயலில் மற்றத் தோட்டங்கள் உழுதாயிற்று. காலையில் எழுந்ததும் தண்ணீரை அடுப்பில் வைப்பேன், கொதித்து ஆறும். வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது. என்மேலே வந்ததா அவர்மேலே வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புரட்டாதி நடுவில் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது. படலைக்கு ஓடினேன். அண்ணை வந்தார். இயந்திரத்தின் பின்னால் நீல நிறத்தில் ஒரு புதுக் கலப்பை பூட்டியிருந்தது. கால்களில் சுற்றியிருந்த கடதாசிகூட முழுதாகக் கழற்றப்படவில்லை.

இனி வரத் தேவையில்லை என்று சொல்லிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று மனம் சொல்லிற்று. தேத்தண்ணியைக் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்தபடி அவர் வேலியோரம் நின்ற சிவப்புக் கலப்பையைப் பார்த்தார்.

“பெயின்றெல்லாம் அடிச்சிருக்கிறாய்.”

“அதுக்கு ஒரு குறையும் இல்லை அண்ணை. நீங்கள் ஒருக்கால் பூட்டிப் பாருங்கோ.”

குரல் எனக்கே கெஞ்சுவதுபோலக் கேட்டது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோப்பையை மதிலில் வைத்துவிட்டு நீலக் கலப்பையைக் கழற்றினார். சிவப்பைப் பூட்டினார். என் தோட்டத்தில் இறக்கினார்.

முதல் சால் போய் வந்தது. நான் வரம்பில் நின்றேன். இரண்டாவது சாலில் பாதி தூரம் போனபோது கல்லில் முட்டிய சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். செல்வம் சொன்னதுபோலவே, ஒட்டின இடம் நின்றது. பக்கத்து இரும்பு பிளந்து, மூன்று காலோடு சட்டத்தின் ஒரு முனை தொங்கியது.

அண்ணை இயந்திரத்தை நிற்பாட்டினார். இறங்கி வந்து அந்தப் பிளவில் விரலை வைத்துப் பார்த்தார். மெல்லக் கழற்றி வரம்போரம் விட்டார். நீலக் கலப்பையைப் பூட்டிக்கொண்டு, என் தோட்டம் முழுவதையும் மூலை முடுக்கு விடாமல் உழுது முடித்தார். வீட்டுக்குள் போய் நான் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இடம்

இயந்திரச் சத்தம் முற்றத்துக்கு வந்தது. வழியனுப்ப முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணை போகவில்லை. நீலக் கலப்பையைப் பின்னால் தள்ளிக் கொண்டுபோய், பழையது நின்ற அதே வேலியோரம், அதே அடையாளத்தில் இறக்கி, அதைப் பூட்டியிருந்த இரும்பு ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“உங்கடை வயலுக்கு?” என்று கேட்டேன்.

“நாளைக்கு வந்து கொண்டு போறன். பிறகு கொண்டு வந்து விடுறன். உது இஞ்சையே நிக்கட்டும், பிள்ளை. அங்கை வைக்க இடமில்லை.”

அவருடைய வளவு எனக்குத் தெரியும். முற்றத்தில் இரண்டு பஸ் பக்கத்துப் பக்கத்தில் நிற்க இடம் காணும், மிஞ்சியும் கிடக்கும். வாய்க்கு வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, மச்சாளுக்கு இது தெரியுமோ என்று கேட்டேன். இருபது வருடத்தில் அவருக்கு முன்னால் மச்சாள் என்ற சொல்லை நான் சொன்னது அன்றைக்குத்தான்.

“அவதான் சொன்னவ” என்றார், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு. “ரவுணிலை ரெண்டு மூண்டைப் பாத்து, உதுதான் நல்லது எண்டு தெரிஞ்செடுத்ததும் அவதான்.”

பிறகு ஆசனத்துக்கு அடியிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தந்தார். வழமையான சுற்று. வாங்கியபோது கை தாழ்ந்தது. கனம். பிரித்தால் உள்ளே விளிம்புவரைக்கும் மோர்மிளகாய். போத்தலும் என்னுடையது இல்லை. என்னுடையது சின்ன வாய்ப் போத்தல். இது பச்சை மூடி போட்ட அகன்ற வாய்ப் போத்தல், மச்சாள் வீட்டுப் போத்தல்.

அண்ணை போனபின் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒரு மிளகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொரிக்காமலே நல்லாயிருக்கு என்றார். எனக்கு யோசனை வேறு. மச்சாளுடைய ஏனம் என் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவேண்டியவள் நான். வெறுமையாகவும் கொடுக்க முடியாது, தபாலிலும் அனுப்ப முடியாது.

மோர்மிளகாயை வேறு ஏனத்துக்கு மாற்றினேன். போத்தலைக் கழுவி வெயிலில் வைத்தேன். மிளகாய் வறுத்தேன். அடுத்த நாள் காலை, அண்ணை கலப்பையைக் கொண்டுபோக வருவதற்கு முன்னமே, குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். இரண்டு மைல். முழங்கால் நோவோடு நடந்தேன். ஓட்டோவில் போயிருக்கலாம். நடந்து போகவேண்டும் போல இருந்தது.

மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. படலைச் சத்தத்துக்கு நிமிர்ந்தவர், விளக்குமாற்றைக் கீழே போடவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. வழி முழுக்க நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்புக்குப் பதிலாகப் போத்தலை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கினார். அந்த உள்ளங்கையில் கயிறு உரித்த தழும்பு இன்னும் இருந்தது.

மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“கலப்பை நிக்க அங்கை இடம் காணுமோ?”

இரண்டு பஸ் நிற்கக்கூடிய அந்த முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, “ஓம் மச்சாள், காணும்” என்றேன்.